பஞ்சு ஒட்டாத கூந்தல்

நிவேதா, சரவணா,

இந்த வாரம் உங்கள் அம்மாவின் தலைமுடியைப் பற்றி எழுதப்போகிறேன். "இதையெல்லாமா பத்திரிகையில எழுதுவீங்க?" என்று சண்டைக்கு வராதீர்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க. ஆனா மரத்துக்குப் பின்னால நின்னதையும் சேத்து எழுதுங்க" என்றாள். சேர்த்தே எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் செய்த காரியத்தையும் விடப்போவதில்லை.

அது நல்ல வெயில் காலம். எனக்கு இரவு ஷிப்டு, அம்மாவுக்குப் பகல் ஷிப்டு. அந்த மாதிரி வாரங்களில் சாயங்காலச் சமையல் என்னுடையது. ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா வந்தாள். சாப்பாட்டுப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடியில் குனிந்தாள். பின்னல் தோளில் வழிந்து முன்னால் தொங்கியது.

அதைப் பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடியே மறுபடியும் பார்த்தேன்.

பின்னலில் ஒரு பொட்டுப் பஞ்சு இல்லை.

"இன்னைக்கு மில்லு உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டே. ஏன்?"

"இல்ல, சும்மா."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்க. ரசம் பொங்குது, அதைப் பாருங்க."

ரசத்தை இறக்கினேன். மனசுக்குள் வேறொன்று அடுப்பில் ஏறிவிட்டது.

மில்லுக்காரத் தலை

ராஜபாளையத்தில் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் யார் மில்லுக்காரர் என்று அடையாள அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். புருவத்தில் இருக்கும். காது மடலில் இருக்கும். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கும். பஞ்சு. நான் ஒரு நூற்பாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். நூல் சுற்றுகிற மெஷின்களுக்கு நடுவில் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து தும்மினால் இன்றைக்கும் வெள்ளையாகத்தான் வரும்.

அம்மா வேலை பார்ப்பது வேறொரு மில்லில். அங்கே பெண்களுக்குத் தொப்பி கொடுப்பார்கள். பின்னலைச் சுருட்டி அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். மெஷினில் முடி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. ஆனால் தொப்பி மெஷினுக்குத்தான் தடுப்பு, பஞ்சுக்கு இல்லை. அது எப்படியோ நுழைந்துவிடும்.

அம்மாவுடைய முடி சுருட்டையும் இல்லை, நேர்முடியும் இல்லை. நெளி. இடுப்புக்குக் கீழே போகும். நேர்முடியில் விழுந்த பஞ்சு உதறினால் போய்விடும். நெளி முடியில் வளைவுக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். தினமும் வேலை விட்டு வந்ததும் அம்மா கூடத்தில் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்து, காய்ந்த முடியைக் காய்ந்தபடியே வறட்டு வறட்டென்று சீவுவாள். முடி அறுகிற சத்தம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்கும். கூட்டும்போது பஞ்சும் துண்டு முடியும் சேர்ந்து உருண்டையாக வரும்.

ஆகவே, பஞ்சு இல்லாத தலை என்றால் மில்லுக்குள் போகாத தலை. எனக்கு இதில் இரண்டாவது யோசனை வரவில்லை. வேறு ஊரில், வேறு வேலை பார்க்கிற புருஷனுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. சுத்தமான தலையோடு வந்தாள் என்று சந்தோஷப்பட்டிருப்பான்.

மில்லுக்குப் போகவில்லை என்றால் எங்கே போனாள்? அதை ஏன் என்னிடம் மறைக்கிறாள்? என்னோடு இருப்பதில் சலிப்புத் தட்டிவிட்டதா? வெளிப்படையாகக் கேட்க வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் பதில் ஒன்று வருமே.

ரெண்டா நிக்குது

இதற்குச் சில மாதம் முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

நம் தெருவில் போர் தண்ணீர்தான். அண்டாவில் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்கு வரும். வந்ததை டிரம்மில் பிடித்து மூடி வைப்போம். அதில் ஒரு கப்பைக்கூடக் குளிக்க எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது நான். "நல்ல தண்ணியைத் தலைக்கு ஊத்துறதும் பாலை ஊத்திக் காலைக் கழுவுறதும் ஒண்ணு" என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்த உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் முடி கயிற்றுப் பிரி மாதிரி நிற்கும். ஒருநாள் அம்மா ஒற்றை முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"இங்க பாருங்க. நுனி ரெண்டா நிக்குது."

"ஒண்ணு ரெண்டா வளந்தா நல்லதுதானே."

அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு முடியை எடுத்துக் காட்டினாள். அது நுனியில் மூன்றாக நின்றது.

சரி, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கூந்தல் எண்ணெய் விற்கிற ஆளிடம் போய் நின்றேன். வாங்கப் போனேனே தவிர, எனக்கு அந்தப் பச்சைக் கலரிலேயே நம்பிக்கை இல்லை.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"மூலிகைண்ணே."

"என்ன மூலிகை?"

"மலை மூலிகை."

"எந்த மலை?"

அந்த ஆள் என்னைப் பார்க்காமலே கையை மேற்கே நீட்டினான். நீட்டிய பக்கம் மலை இருந்தது உண்மைதான். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். அலசிய பிறகும் பச்சை அப்படியே துணியில் நின்றுவிட்டது. எண்ணெய் போகும், கலர் போகாது என்றால் அது என்ன மூலிகை? இருந்தாலும் அம்மா தேய்த்தாள். முடி மினுமினுத்தது. அந்தப் பிசுக்கில் முன்னைவிட அதிகமாகப் பஞ்சு ஒட்டியது, அவ்வளவுதான். சீவுகிற சத்தம் இன்னும் கூடியது.

அதற்குப் பிறகு மில்லில் ஒரு சிநேகிதி கொடுத்தாள் என்று கண்டிஷனர் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சாயப்பட்டறை டிரம்மில் எழுதியிருக்கிற மாதிரியான பெயர்கள். "இது வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றேன். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. பாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எதிர்த்துப் பேசாதது எனக்கு அன்றைக்கே உறுத்தியது.

தலையணையில் பட்டு

பஞ்சில்லாத பின்னலைப் பார்த்த மறுநாள் தலை நிறையப் பஞ்சோடு வந்தாள். அதற்கு மறுநாளும் பஞ்சு. சரி, நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி சுத்தமாக வந்தாள். வழக்கத்தைவிடப் பிந்தியும் வந்தாள்.

அன்றிலிருந்து என் வீட்டிலேயே நான் உளவு பார்க்க ஆரம்பித்தேன். பின்னலில் வேறு வாசம் அடித்தது. கற்றாழை மாதிரி ஒரு பச்சை வாசம், அதோடு என்னவோ பூ. நம் வீட்டில் இல்லாத வாசம். துண்டால் தலையை உலுக்கித் துவட்டுகிறவள் சரவணனின் பழைய பனியனை எடுத்து முடியை ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். இறுக்கிப் பின்னுகிறவள் தளர்த்திப் பின்னுகிறாள். ஒருநாள் பார்த்தால் தலையணைக்கு மேலே பழைய பட்டு ரவிக்கைத் துணியை விரித்திருந்தாள்.

"தலகாணிக்கு எதுக்குப் பட்டு?"

"பருத்தி முடியில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிருமாம். பட்டுன்னா வழுக்கிக்கிட்டுப் போயிருமாம்."

பருத்தியால் சோறு தின்கிற வீட்டில் பருத்தியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு.

"யார் சொன்னா?"

"மில்லுல சொன்னாக."

மில்லில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்களிடமும் கேட்டேன். "அம்மா வேலை விட்டு எங்கேயும் போறாளா?" என்று. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த சரவணன், "அப்பா, பசிக்குது" என்றான். நிவேதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாமே வெளிச்சமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பிள்ளைகளையும் சேர்த்து யாரோ கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று மட்டும் பட்டது.

மரத்துக்குப் பின்னால்

அடுத்த வாரம் அந்தக் கிழமையில், தூங்கி எழுந்து நேரே பைக்கை எடுத்தேன். அம்மா வேலை பார்க்கிற மில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டில் இருக்கிறது. எதிரே ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு புளியமரம். டீயை வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருக்காக நிக்கீக?"

"ஒருத்தருக்காக."

"ஒருத்தருன்னா?"

"வீட்டுக்காரிக்காக."

"வீட்டுக்காரிக்கு எதுக்கு மரத்துக்குப் பின்னால நிக்கீக?"

"வெயிலு."

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் போட்டிருந்தது. மேற்கொண்டு கேட்காமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அந்த நாகரிகத்துக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி.

ஷிப்டு விட்டது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நடுவில் அம்மா. தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தாள். தலை நிறையப் பஞ்சு.

என் கணக்கு உடைந்துபோயிற்று. மில்லுக்குத்தான் போயிருக்கிறாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். சந்தேகம் அப்படிப் போய்விடுவதில்லை. ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவில் போய் நிற்கும்.

ராஜபாளையம் போகிற மில் வண்டி நின்றது. எல்லாரும் ஏறினார்கள். அம்மா ஏறவில்லை. ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, வடக்கே போகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்.

அந்த ஊரில் அம்மாவுக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. எனக்குத்தான் உண்டு. உண்டு என்றும் சொல்ல முடியாது, இருந்தது.

மடி

என் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி, உங்கள் அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மச்சானுக்குப் போலீஸ் வேலை. அவர்களுக்குப் பல வருஷம் கழித்து ஒரே ஒரு பெண் பிறந்தாள், அபிநயா. அவளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான்.

முந்தின இரவு எனக்கு ஷிப்டு. காலையில் என்னை மாற்றிவிட வரவேண்டியவன் வரவில்லை. மெஷினை விட்டுவிட்டு வர முடியாது. சீர்த்தட்டோடு நானும் அம்மாவும் குலசாமி கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை காதில் மஞ்சளோடு அழுதுகொண்டிருந்தது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். "நல்ல நேரம் முடியப்போச்சு, என்ன செய்ய?" என்றார்கள்.

நான் ஒன்றைப் பார்த்தேன். அந்தத் தம்பி புது வேட்டி கட்டியிருந்தான். கடைசி நேரத்தில் மடி கொடுக்க வந்தவனுக்குப் புது வேட்டி எங்கிருந்து வந்தது? முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற மில்லுக்காரன் மடி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சீர்த்தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உங்கள் இருவரில் ஒருவரும் அப்போது பிறக்கவில்லை. அன்றைக்கு விட்ட பேச்சு. கல்யாண வீடுகளில் எதிரே வந்தால் நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது இதெல்லாம் ஞாபகம் வரவில்லை. ஷேர் ஆட்டோ மாறி, மேற்கே மலை தெரிகிற தெருவில் அம்மா இறங்கியபோதுதான் வந்தது. வேறு வீடாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா என் அக்கா வீட்டுக் கதவைத் தட்டக்கூட இல்லை. தன் வீடு மாதிரித் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கிணற்றடி

பக்கத்துச் சந்தில் பைக்கை நிறுத்திவிட்டு, பின்பக்கச் சுவரோரமாக நின்றேன். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, பதினைந்து பதினாறு வருஷமாக நான் காது கொடுக்காத குரல்.

"ஏட்டி மல்லிகா, தலையைக் குனி. கண்ணுல போயிரும்."

"மதினி, தண்ணி குளுருது."

"செத்த நேரந்தான், பொறு. எம்புட்டுப் பஞ்சு! ஒரு தலகாணியே அடைக்கலாம் போலுக்கே."

அம்மா சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

பின்கதவு திறந்தது. ஒரு பெண் வாளியோடு வெளியே வந்து, தண்ணீரை வீசப்போனவள் அப்படியே நின்றாள். காதில் சின்னத் தோடு. இடுப்பு வரைக்கும் நெளி முடி.

"மாமா!" என்றாள். உடனே உள்ளே திரும்பி, "எம்மா, மாமா வந்திருக்காக. சுவர் ஓரமா நிக்காக" என்று கத்தினாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அக்கா கையில் நுரையோடு கதவுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. "ஏலே முருகேசா, உள்ள வாரியா, இல்ல அங்கேயே நிக்கப்போறியா? பல்லி பயந்துரும்."

உள்ளே போனேன். சமாதானம் ஆவதற்காக இல்லை. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக.

கிணற்று மேடையில் அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தாள். முடி முன்னால் விழுந்து முகத்தை மூடியிருந்தது. அதை விலக்காமலே, "ரசம் வச்சாச்சா?" என்று கேட்டாள்.

அபிநயா பேசிக்கொண்டே இருந்தாள். "அத்தையைப் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன் மாமா. முடி நுனியெல்லாம் செத்துப்போயிருந்துச்சு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். எங்க கிணத்துத் தண்ணி உப்பில்லாத தண்ணி. காலேஜ் விட்டு வந்து நான்தான் பார்க்கேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டாள், "சரவணன் வரலையா? போன தடவை வந்தப்போ இன்னைக்கும் வாரேன்னு சொன்னானே?"

போன தடவை! பசிக்குதுப்பா என்று சொன்ன வாயால் சாப்பிட்டதெல்லாம் இந்த வீட்டில்தானா?

விசாரணை

கிணற்றடித் திட்டில் வரிசையாகப் பொருள் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"இது என்ன?"

"கற்றாழை மாமா. நம்ம வீட்டுத் தொட்டியில உள்ளதுதான்."

"இது?"

"ஆளிவிதையைக் கொதிக்க வச்சு வடிகட்டினது."

"ஏன் மூக்கு ஒழுகின மாதிரி இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும். அதுதான் நெளியைக் கலையாமப் பிடிக்கும்."

"இது?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அது நான் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொன்ன கண்டிஷனர். இப்போது பாக்கெட்டாக இல்லை, பாட்டிலாக இருந்தது.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். என்னவோ பூ. அடையாளம் தெரிந்துவிட்டது.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "போலீஸ் வேலை பார்க்கிறது எங்க வீட்டுல அவிய. விசாரணை நடத்துறது இவன்."

"அவிய எங்க?"

"டூட்டிக்கு. பயப்படாத, உன்னைப் பிடிக்கப் போகல."

அபிநயா நுரை போக அலசிவிட்டு, பாட்டிலில் இருந்ததை ஈர முடியில் தடவினாள். காய்ந்திருக்கும்போது சீவினால் நெளி முடி அறும், ஈரத்தில் வழுவழுப்போடு நுனியிலிருந்து மேலே மேலே போக வேண்டும் என்றாள். விரலாலேயே சிக்கு எடுத்தாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்தது. அறுகிற சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாததைத்தான் நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அலசி, ஒற்றி எடுத்த பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். "மாமா, முடி தரையில படாமக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

"வெட்டப்போறியா?"

"வெட்டலை. முறுக்கினா வெடிச்ச நுனி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதை மட்டும் எடுப்பேன். நீளம் குறையாது."

நம்பவில்லை. எடுத்துப் போட்டதை எல்லாம் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். எள்ளளவு எள்ளளவாகத்தான் இருந்தது. ஈர முடி கையில் கனத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முடிக்கு இவ்வளவு கனம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

முடியைப் பிடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டேன். "அன்னைக்கு அவன் புது வேட்டி கட்டியிருந்தானே?"

எந்த அன்றைக்கு என்று அக்கா கேட்கவில்லை. "வந்த ஆம்பிளைக அம்புட்டுப் பேருக்கும் அவிய வேட்டி எடுத்துக் குடுத்தாக. உனக்கும் எடுத்தாக. பீரோவுல கிடக்கு."

"இன்னுமா கிடக்கும்?"

"நீ இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டுக் கிடக்க. வேட்டி கிடக்காதா?"

காட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாளோ என்று இருந்தது.

அபிநயா என் கையில் ஒரு சீப்பைக் கொடுத்தாள். அகலப் பல் வைத்த பிளாஸ்டிக் சீப்பு, புதுசு. "இது மட்டும் முடியைப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்குது மாமா. ஏன்னு தெரியல."

பல்லின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். அச்சில் ஊற்றும்போது இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். அதில் பிசிறு. ஒவ்வொரு பல்லிலும், இரண்டு பக்கமும். நூல் போகிற பாதையில் இப்படி ஒரு பிசிறு இருந்தால் எங்கள் மில்லில் அங்கேயே நூல் அறும். முடிக்கு மட்டும் என்ன வேறு நியாயம்?

"இது சீப்பு இல்ல, அரம்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏலே, சீப்பை எங்க கொண்டு போற?" என்றாள் அக்கா.

"சரி பண்ணிக் கொண்டாந்து தாரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. கொண்டுவந்து தருவதென்றால் இந்த வீட்டுக்கு மறுபடி வர வேண்டும்.

அக்கா வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமைன்னா கறி எடுப்போம்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, கிணற்றுக்குள் பார்த்துச் சொன்னாள்.

பிசிறு

திரும்பும்போது அம்மா பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தலையைப் பழைய பனியனில் சுற்றியிருந்தாள். வன்னியம்பட்டிப் பக்கத்தில் எதிரே வந்த தெரிந்த ஆள் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தபடி போனார்.

"தலைக்குத்தான் வந்தியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல தலைக்குத்தான் வந்தேன்."

"பொறவு?"

"பொறவு சாப்பிட வந்தேன். உங்க அக்கா குழம்பு நல்லா வைக்காவ."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கியரை மாற்றினேன். காற்றில் அந்தப் பூ வாசம் பின்னாலிருந்து முன்னால் வந்து வந்து போனது.

மில் புளியமரத்தைத் தாண்டும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அக்கா வீட்டுக் கிணற்றடி ஜன்னலில் இன்னொரு சீப்பு இருந்தது. வேப்பமரச் சீப்பு, அகலப் பல், எண்ணெய் ஏறிக் கறுத்து, பல வருஷம் பழகியது. அதற்குக் கீழேதான் அபிநயா நின்றிருந்தாள். கைக்கு எட்டுகிற இடத்தில் அவ்வளவு நல்ல சீப்பு இருக்கும்போது, இழுக்கிறது என்று தெரிந்த சீப்பை எதற்காக வைத்திருந்தாள்? அதை ஏன் பிட்டர் வேலை பார்க்கிற மாமன் கையில் எடுத்துக் கொடுத்தாள்? "ஏன்னு தெரியல" என்று வேறு சொன்னாளே!

அந்தப் பெண் கெட்டிக்காரி. அல்லது என் அக்காதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் அம்மாவும் அதில் கூட்டாக இருந்தாளோ என்னவோ. பின்னால் திரும்பிக் கேட்டிருக்கலாம். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். இதுவரை மூன்று பேரில் ஒருவரிடமும் நான் அதைக் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் கேட்டுவைக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை நீங்கள் டியூஷனுக்குப் போனீர்கள். அம்மா மில்லுக்குப் போனாள். வீட்டில் நான் மட்டும். தூக்கம் வரவில்லை. டூல்ஸ் பெட்டியிலிருந்து மிருதுவான உப்புத்தாளை எடுத்து, குச்சியில் சுற்றி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சீப்பை ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். இரண்டு பக்கமும். நுனியை வட்டமாக்கினேன். தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு உருவினேன். நகத்தை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.

நகத்துக்குத் தெரியாதது முடிக்குத் தெரியும். என் தலையில் அதற்கு வசதி இல்லை. கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சீவிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பல் மட்டும் லேசாகப் பிடித்தது. மறுபடி வாசலுக்கு வந்து உட்கார்ந்து, அந்த ஒன்றை மட்டும் தேய்த்தேன்.